ஷென் யூலியனின் சுருதி

"இந்தப் பியானோவோட சுருதியைக் கொஞ்சம் இறக்கி வெச்சுக்க முடியுமா, வாத்தியாரே?" என்று லுவோ கேட்டார்.

சிமின் சூப்புக் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்காமலே, "கொஞ்சம்னா எவ்வளவு?" என்றான்.

"ஒரு கட்டை."

சிமின் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். பியானோவின் மேல் மூடியைத் தூக்கிக் காட்டினான். "உள்ள பாரு. இருநூறு கம்பிக்கு மேல இருக்கு. நீ ரெண்டே கம்பி வெச்சிருக்கே, முறுக்குறே, இறங்குது. இதை எவன் முறுக்குறது? சரி, முறுக்கியாச்சுன்னே வெச்சுக்க. நாளைக்குப் பதிவுக்கு வரப்போற புல்லாங்குழலை என்ன செய்வே? கிளாரினெட்டை என்ன செய்வே? அறுத்து ஒட்டுவியா?"

ரஷ்யனான சிமினின் சீனம் வடக்கே ஹார்பின் சந்தையில் முட்டைக்கோஸ் விற்பவர்களிடம் கற்றது. அதனால் அதில் மரியாதை என்ற சரக்கே கிடையாது. வங்கி முதலாளியானாலும் ரிக்‌ஷாக்காரனானாலும் அவனுக்கு எல்லோரும் ‘நீ’தான். ஷாங்காய்க்கு வந்து பத்து வருடமாகியும் அதை யாரும் திருத்தவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் திருத்த மனம் வராது. காலையில் பிரெஞ்சுப் பகுதியில் பணக்காரப் பெண்பிள்ளைகளுக்குப் பியானோ, மாலையில் நடன விடுதியில் வாசிப்பு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் இசைத்தட்டுக் கம்பெனிக்கு எழுத்து வேலை. அவன் எப்போது தூங்குகிறான் என்பது கீழே ரொட்டிக்கடை வைத்திருக்கும் அவன் ஊர்க்காரருக்கே தெரியாது.

மேடைப் பிடில்காரரான லுவோ அந்தக் கம்பிகளைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அவர் பழகிய பீக்கிங் இசை நாடக உலகத்தில் சுருதி பாடுகிறவருடையது. திரை தூக்குவதற்கு முன்னால் பிடில்காரன் ஒப்பனை அறைக்குப் போய், "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பான். பாடுகிறவர் தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார். சளி பிடித்திருந்தால் எல்லோரும் கீழே இறங்குவார்கள், தெம்பாக இருந்தால் ஏறுவார்கள். குழலும் தாளமும் பிடிலின் பின்னால் வரும். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. யாருக்கு என்ன உடம்பு என்று கேட்காமல் நின்ற இடத்திலேயே நிற்கிற வாத்தியத்தை அவர் இப்போதுதான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்க்கிறார்.

"நான் எழுதினதுல என்ன தப்பு? கம்பெனிக்காரன் அந்த யூலியன் அம்மாவோட பழைய தட்டைக் குடுத்தான். கேட்டேன், அப்படியே எழுதினேன். அந்தம்மா பாடினது அஞ்சு கட்டை. நானும் அஞ்சு கட்டையிலதான் எழுதியிருக்கேன்" என்றான் சிமின்.

"அது பதினாலு வருஷத்துக்கு முந்தின தட்டு."

"இப்போ?"

லுவோ நாற்காலியில் உட்கார்ந்தார். தன் சின்ன மூங்கில் பிடிலை மடியில் நிறுத்தி, தந்திகளுக்கு நடுவே வில்லை இழுத்து ஒரே ஒரு சுரம் வாசித்தார். சிமின் நின்றபடியே ஒரு விரலால் பியானோவில் அந்தச் சுரத்தைத் தேடினான். ஐந்தாவது வெள்ளைக் கட்டையில் ஆரம்பித்து, கீழே வந்து, கறுப்பைத் தாண்டி அடுத்த வெள்ளையில் நின்றான்.

"நாலு" என்றான். பிறகு மூடியை இறக்கிவிட்டு, "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது."

சிமின் திரும்பி வந்து உட்கார்ந்து ஆறிப்போன பீட்ரூட் சூப்பைக் கிளறினான். குடிக்கவில்லை.

இந்த விஷயத்தை லுவோ இதுவரை வாய்திறந்து யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை. குழுவில் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள். கூட நடிக்கிறவர்களுக்குச் சுருதி இறங்கியது சௌகரியம்தான். அவர்களுக்கும் வயதாகிறது.

ஷென் யூலியன் சாதாரணப் பாடகியாக இருந்திருந்தால் இதில் ஒன்றுமே இல்லை. "அண்ணே, இன்னிக்கு அரைக் கட்டை கம்மியா வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள், முடிந்திருக்கும். ஆனால் அவள் யூலியன். இருபத்தோரு வயதில், ஆண்களே திணறுகிற ஐந்து கட்டையில், ஆற்றங்கரைப் பெண்ணாக நின்று அக்கரைப் படகுக்காரனைக் கூப்பிட்டவள். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் கூட்டம். "படகைத் திருப்பு" என்று அவள் எடுக்கிற இடத்தில் கொட்டகை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், எடுத்ததும் கூரை பிய்த்துக்கொண்டு போகும். காய்ச்சலிலும் பாடினாள், தாய் செத்த வாரத்திலும் பாடினாள், எப்போதும் ஐந்து கட்டைதான். "சுருதியைக் குறைச்சுப் பாடுற அன்னிக்கு நான் நூடுல்ஸ் கடை வெச்சுடுவேன்" என்று பத்திரிகைக்காரர்களிடமே சொன்னவள். அந்த ரோஷம்தான் அவளுக்குச் சோறு போட்டது.

எட்டு வருடங்களுக்கு முன் ஹான்கோவில் ஒரு குளிர்காலத்தில் அந்தக் குரல் கூப்பாட்டின் நடுவில் உடைந்தது. கூட்டம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று லுவோ பின்னால் பலமுறை நினைத்திருக்கிறார். அன்று இரண்டாயிரம் பேர் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஒப்பனை அறையில் அவள் முகச்சாயத்தைக் கலைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கோலத்தை லுவோவால் தாங்க முடியவில்லை. மறுநாள் பிடிலை ஒரு மயிரிழை இறக்கி வைத்தார். அவள் பாடினாள், உடையவில்லை. "பாத்தீங்களாண்ணே, நேத்து வெறும் சளிதான்" என்று குழந்தை மாதிரி சிரித்தாள்.

வசந்தம் வந்ததும் ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார். வசந்தம் வந்தது. ஏற்றிப் பார்த்து, அது மறுபடி உடைந்துவிட்டால்? கை வரவில்லை. அடுத்த குளிருக்கு இன்னொரு மயிரிழை இறங்கியது. சுருதி பார்க்க வைத்திருந்த மூங்கில் குழலைப் போட்டுவிட்டு, அதைவிட ஒரு அரிசி நீளம் கூடுதலாக ஒன்று வெட்டிக்கொண்டார், பிறகு இன்னொன்று. பிடிலையும் கொஞ்சம் பெரிய குடமாகப் பார்த்து மாற்றினார். தொண்டைக்குத் தெரியாதா என்றால், தெரியாது. வருடத்துக்கு ஒரு மயிரிழை என்று வயது இறங்குகிற அதே வேகத்தில் சுருதியும் இறங்கினால், பாடுகிறவருக்கு எல்லாம் பழையபடியே இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

அவள் வீட்டில் ஒரு கிராமபோன் உண்டு. பழைய தட்டைப் போட்டுக் கூடவே பாடிப் பார்ப்பது அவள் பழக்கம். ஒருநாள், "தட்டு மேல நிக்குதே அண்ணே" என்றாள். லுவோ எழுந்து கிராமபோன் பக்கம் போனார். "மெஷின் வேகமா ஓடுதும்மா, ஸ்ப்ரிங்கைப் பாக்கணும்" என்று சொல்லி, அவள் டீ எடுக்கப் போன நேரத்தில் வேகத்திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். அதன்பிறகு வருடாவருடம் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போகும்போது அந்தத் திருகையும் கவனித்துவிட்டு வருவது அவருக்கு ஒரு கடமையாகிவிட்டது. தட்டில் இருந்த இளம் யூலியனும் கூடவே மெதுவாகி, கூடவே இறங்கி வந்தாள்.

இதெல்லாம் திருட்டு வேலைதான். ஆனால் திருடனுக்காவது ஒருநாள் கழிந்தால் ஓய்வு. லுவோவுக்கு ஓய்வே இல்லை. தினமும் மாலையில் அவள் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் மூச்சு எங்கே தேயும் என்று முன்கூட்டியே கேட்டுக் கேட்டு, அந்த இடத்தில் பிடிலை உரக்க வாசித்து மூடி, அவர் காது களைத்துப் போய்விட்டது. ஐம்பத்தாறு வயதில் எழுபது வயதுச் சோர்வு. அவளிடம் ஆசை கீசை என்று யாராவது சொன்னால் அவர் அடிக்கப் போவார். அவள் தலை குனிந்து நிற்பதை இன்னொரு தரம் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

"கீழ இறக்கி எழுதிடு வாத்தியாரே" என்றார் இப்போது. "உன் கையைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"இருபத்துச் சொச்சம் பேருக்கு வாசிக்கத் தாள் எழுதணும். நாளைக்குக் காலையில பதிவு. எழுதுற கை என் கை ஒண்ணுதான்."

"எனக்கு உங்க ஊர் சுர எழுத்து தெரியாது. மை காய வைக்கிறேன், கோடு போடுறேன், சூப்பைச் சுட வைக்கிறேன். சொல்றதைச் செய்யுறேன்."

சிமின் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நடன விடுதியில ஒருத்தி பாடுறா. எங்க பீட்டர்ஸ்பர்க்குல அவ பேரு சொன்னா குதிரைவண்டி நிக்கும். இப்போ குடிச்சிட்டு வந்து ராகம் இல்லாம பாடுறா. நான் பியானோவை அவ பின்னால இழுத்துட்டு ஓடுறேன், தினமும்" என்றான். பிறகு ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜைமேல் போட்டான். "கோடு நேரா போடு. கோணினா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

மாலை மங்கும்வரை இருவரும் வேலை பார்த்தார்கள். ஜன்னல் வழியே தெருமரத்துப் பூ வாசனையும் ரொட்டி வாசனையும் கலந்து வந்தன. நடுவில் சிமின் இரண்டு தரம் பேனாவைப் பிடித்தபடியே தூங்கினான். லுவோ எழுப்பவில்லை, தாள்களை மட்டும் அவன் முழங்கையின் கீழிருந்து மெல்ல உருவிக் காய வைத்தார். வேலை முடிந்தபோது நாலு கட்டையில் ஒரு கட்டு, பழைய ஐந்து கட்டையில் ஒரு கட்டு என்று இரண்டும் சிமினின் தோல்பைக்குள் போயின.

"பழசைக் கிழிச்சுப் போட்டுடேன்" என்றார் லுவோ.

"நான் எழுதினதை நான் கிழிக்க மாட்டேன்" என்றான் சிமின்.

மறுநாள் காலை இசைத்தட்டுக் கம்பெனியின் பதிவுக்கூடம். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை. வெளிநாட்டு வாசிப்பாளர்கள் ஆளுக்கொரு நாற்காலியில் வேட்டைக்கு வந்தவர்கள் மாதிரி வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ரஷ்யர்கள், இத்தாலியர்கள், இரண்டு பிலிப்பைன்ஸ்காரர்கள். பாதிப்பேர் முந்தைய இரவு நடன விடுதியிலிருந்து நேராக வந்தவர்கள், ஆனால் எதைத் தூக்கி முன்னால் வைத்தாலும் வாசித்துவிடுவார்கள். சிமின் நாலு கட்டைத் தாள்களைப் பங்கிட்டுவிட்டு, லுவோவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். லுவோவுக்கு உயிர் வந்தது.

யூலியன் சாம்பல்நிற அங்கியில், கையில் தன் மண் தேநீர்க் கெண்டியோடு வந்தாள். நாற்பத்து மூன்று வயது, நடை இன்னும் மேடை நடைதான். கம்பெனி மேனேஜர் பாங் வாசலிலிருந்தே குனிந்துகொண்டு கூடவே வந்தார். குழுவில் பெரிய நடிகர் யாராக இருந்தாலும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். லுவோ எழுந்து, "வாங்க முதலாளி" என்றார்.

"அண்ணே, இதென்ன இத்தனை பித்தளை? பாத்திரக்கடைக்கு வந்துட்டோமா?" என்று அவள் டிராம்போனைக் காட்டிச் சிரித்தாள். அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. நேராகப் பியானோவிடம் போய் அதைத் தடவிப் பார்த்தாள். "பாங் ஐயா, இதுல என் சுரம் எங்க இருக்கு?"

பாங் காத்திருந்த மாதிரி முன்னால் வந்தார். "அதை விளம்பரத்துலயே போட்டாச்சும்மா! உங்க பழைய தட்டைப் போட்டுப் பாத்து, பியானோவுல அளந்து, ஐரோப்பாவோட அஞ்சாவது வெள்ளைக் கட்டையில பாடுற ஒரே சீனத்துப் பொண்ணுன்னு போட்டிருக்கோம். இதோ, இது." ஒரு விரலால் அழுத்தினார். சுரம் கூடம் முழுக்கப் பரவி நின்றது.

யூலியன் தலையைச் சாய்த்துக் கேட்டாள். புருவம் சுருங்கியது. "அண்ணே, நம்ம சுரத்தைக் குடுங்க."

லுவோவால் வேறென்ன செய்ய முடியும்? வாசித்தார். இரண்டு சுரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காதில்லாதவனுக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

பாங் மறுபடி அழுத்திப் பார்த்தார், தான் ஏதோ தவறான இடத்தில் அழுத்திவிட்டது போல.

யூலியன் வாய்விட்டுச் சிரித்தாள். "உங்க பெட்டி கெட்டுப்போச்சு பாங் ஐயா. கப்பல்ல வரும்போது நனைஞ்சுடுச்சா?"

"இல்லம்மா, போன வாரம்தான் ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போனான்..."

"அப்போ அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்குங்க."

என்ன தகராறு என்று புரிந்துகொண்ட கிளாரினெட்காரன், உதவி செய்கிறவனாக, தன் வாத்தியத்தில் அந்தச் சுரத்தை ஊதிக் காட்டினான். பியானோவின் சுரம். பின்னால் புல்லாங்குழல், அதுவும் அதேதான். டிராம்போன்காரன் வேடிக்கைக்கு ஒரு தரம் நீளமாக ஊதினான், எல்லோரும் சிரித்தார்கள். வயலின்கள் சேர்ந்துகொண்டன. அத்தனை பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள். லுவோ ஒருத்தர்தான் கீழே இருந்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கெண்டியைப் பியானோமேல் டக்கென்று வைத்தாள். "இத்தனை பேரும் சேர்ந்து தப்பா வெச்சிருந்தா தப்பு சரியாயிடுமா? இவர் இருபத்திரண்டு வருஷமா எனக்கு வாசிக்கிறார். பீக்கிங்ல கிழட்டுப் பிடில்காரங்க எல்லாம் இவர் காதை வெச்சுத்தான் சுருதி சேப்பாங்க. எங்க அண்ணன் காது தப்பாது. உங்க பெட்டிதான் தப்பு. சொல்லுங்கண்ணே!"

லுவோ தரையைப் பார்த்தார். அவள் தன்னைத் திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால் தாங்கியிருக்கலாம். இத்தனை அந்நியர் நடுவில் தனக்காகச் சண்டை போடுகிறாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சிமின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பாங், பாவம், சமாதானம் செய்கிற எண்ணத்தில், "சண்டையே வேண்டாம்மா. உங்க சொந்தத் தட்டையே போட்டுடுவோம். எங்க மெஷின் வேகத்தைத் தினமும் அளந்து வைப்போம், பொய் சொல்லாது" என்று உள்ளே சைகை காட்டினார்.

தட்டு சுழன்றது. பதினாலு வருடத்துக்கு முந்தைய யூலியன் பாட ஆரம்பித்தாள். வீட்டுக் கிராமபோனில் எட்டு வருடமாகக் கேட்ட குரல் இல்லை. துள்ளிக்கொண்டு, வெடுவெடுவென்று, ஈரமான பச்சை மூங்கில் போல ஒரு குரல். தாளம்கூட வேகமாக இருந்தது. "படகைத் திருப்பு" என்று அது மேலே ஏறிய இடத்தில் இத்தாலியக்காரன் ஒருவன் தன்னை மறந்து ஏதோ சொன்னான். பியானோ வாசிக்க வந்திருந்த அம்மாள் அந்தச் சுரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.

யூலியன் கடைசிவரை கேட்டாள். ஊசியைத் தூக்கும்வரை அசையவில்லை. பிறகு லுவோவிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"வீட்டு மெஷினும் நீங்கதானா?"

"ஆமா முதலாளி."

"எப்போலேர்ந்து?"

"ஹான்கோ."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. எந்த ஊர், எந்த மேடை, எந்தக் கைதட்டல் என்று ஒவ்வொன்றாக அவள் கையிலிருந்து நழுவுவதை லுவோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு உடைஞ்சுடக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"அது எனக்குத் தெரியுது. வேற எதுக்குப் பண்ணுவீங்க" என்று அவள் கையமர்த்தினாள். "கெட்ட எண்ணம்னா இப்போ செருப்பைக் கழட்டியிருப்பேன். நான் கேக்குறது வேற. தினமும் காலையில எழுந்து கத்துறேன். குளிர்லயும் மழையிலயும் நதிக்கரையில நின்னு கத்துறேன். எதுக்கு? அஞ்சு கட்டையை விடக் கூடாதுன்னு. எட்டு வருஷமா நாலரையைத் தொட்டுட்டு, நாலைத் தொட்டுட்டு, தொட்டாச்சுன்னு வீட்டுக்கு வந்து டீ குடிச்சிருக்கேன். எட்டிப் பிடிக்காத குரல் எங்கண்ணே மேல இருக்கும்?" அவள் லுவோவின் பிடிலைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் குரல் தானா இறங்குச்சா? இல்ல நீங்க இறக்குனீங்களா?"

லுவோ எட்டு வருடமும் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தார். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை.

"தெரியல" என்றார். அது உண்மை.

அவள் பியானோவிடம் திரும்பிப் போனாள். கெண்டியிலிருந்து ஒரு வாய் குடித்தாள். சிமினிடம் திரும்பி, "அஞ்சு கட்டையில எழுதினது இருக்கா வாத்தியாரே?" என்று கேட்டாள்.

சிமின் லுவோவைப் பார்த்தான். பிறகு, "இருக்கு" என்றான்.

"அதைப் போடுங்க."

தாள்கள் கைமாறின. லுவோ அவசரமாகப் பிடிலின் முளையை முறுக்கிச் சுருதியை ஏற்ற ஆரம்பித்தார்.

"வேண்டாம்ணே. நீங்க வெளிய இருங்க."

"பிடில் இல்லாம எப்படி முதலாளி?"

"நீங்க பக்கத்துல இருந்தா என் தொண்டை உங்களைத்தான் கேக்கும். நான் திணறுறேன்னு தெரிஞ்சா உங்க கை தானா இறங்கும், உங்களால முடியாது. அந்தப் பெட்டிக்கு இரக்கம் கிடையாது. எனக்கு இன்னிக்கு அது போதும்."

பாங், "அம்மா, விளம்பரத்துல பிடில்னு போட்டிருக்கு..." என்று இழுத்தார்.

"மாத்திப் போடுங்க" என்றாள் அவள்.

வெளியே நீண்ட நடை, ஒரு பெஞ்சு. மெத்தை தைத்த கதவு மூடியதும் உள்ளே இருப்பது எதுவும் கேட்கவில்லை. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. மெழுகுத் தட்டில் பதிவு ஓடுகிறவரை அது எரியும், வழியில் பிழை வந்தால் உள்ளே நிறுத்துவார்கள், அதுவும் அணையும். லுவோ பெஞ்சில் உட்கார்ந்து பிடிலை மடியில் வைத்துக்கொண்டார். எங்கே போவது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் பாடும்போது அவர் வெளியே இருப்பது இதுதான் முதல் தடவை.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒத்திகை ஓடுகிறது என்று ஊகித்தார். பிறகு விளக்கு எரிந்தது. அவர் இடதுகை விரல்கள் தாமாகவே தந்தியில் நடக்க ஆரம்பித்தன. வில் இல்லை, சத்தம் இல்லை. கரைக்கு வருகிறாள், தண்ணீரைப் பார்க்கிறாள், படகு அக்கரையில் போய்க்கொண்டிருக்கிறது, இதோ கையைத் தூக்குகிறாள். அந்த இடத்தில் விளக்கு அணைந்தது.

லுவோ கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. வந்ததும் அதைக் கண்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மறுபடி எரிந்தது, இந்தத் தடவை பாதிக்கு முன்பே அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு சிமின் சிகரெட்டோடு வெளியே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்படி இருக்காங்க?"

"உன்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாதாம். சத்தியம் வாங்கிடுச்சு அந்தம்மா." அவன் புகையை விட்டான். லுவோவின் மடியில் இருந்த விரல்களையும் மேலே விளக்கையும் பார்த்தான். "உனக்குத்தான் கண்ணு இருக்கே" என்றான். பாதி சிகரெட்டை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

லுவோ புகைக்கிற பழக்கமில்லாதவர். சிகரெட் விரலிடுக்கில் தானாக எரிந்தது. இன்னும் எத்தனை தரம் முயலுவாள்? தொண்டை கிழிந்துவிடாதா? போதும் என்று யாராவது சொல்லக் கூடாதா? சொல்ல வேண்டிய ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

விளக்கு எரிந்தது. விரல்கள் நடந்தன. கரை. தண்ணீர். அக்கரைப் படகு. இந்தத் தடவை மூச்சை எங்கே எடுப்பாள் என்றுகூட அவருக்குத் தெரிந்தது. கூப்பாட்டுக்கு முந்தைய அடி வந்தபோது அவர் நிமிர்ந்து அந்தச் சிவப்பைப் பார்த்து வேண்டிக்கொண்டார். யாரை வேண்டினார் என்று தெரியாது. என்ன வேண்டினார் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அணைந்துவிடு. தயவுசெய்து அணைந்துவிடு. அவள் குரல் தானாக இறங்கியது என்று ஆகட்டும். எட்டு வருடமாக அவள் தலை குனியக் கூடாது என்று காத்தவர், அவள் உடைய வேண்டும் என்று அந்தப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மன்றாடினார்.

அணையவில்லை.

கூப்பாடு முடிகிற இடத்தை விரல்கள் தாண்டின. படகுக்காரன் திரும்பிப் பார்க்கிற இடத்தைத் தாண்டின. அவள் அங்கியின் நீளக் கையால் முகத்தைத் துடைக்கிற இடம், கடைசித் தாளம். எல்லாம் முடிந்து விரல்கள் நின்ற பிறகும் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தது. அதன்பிறகுதான் அணைந்தது.

கதவு திறந்தபோது உள்ளே வெள்ளைக்காரர்கள் வில்களால் தாள்தாங்கிகளைத் தட்டும் சத்தம் வெளியே கொட்டியது. யூலியன் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வெளுத்து, வியர்த்து, பத்து வருடம் மூத்துப் போயிருந்தது. லுவோ எழுந்து நின்றார். குரல் தானா இறங்குச்சா, நீங்க இறக்குனீங்களா என்று அவள் கேட்டதற்கு அவரிடம் இப்போது பதில் இருந்தது. அவள் அவரைப் பார்த்த பார்வையில், அவர் அதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்று தெரிந்தது.